முகத்தில் மாட்டிப் பார்க்காத கண்ணாடி

ஏப்ரல் 4
கப்பலின் மேல்தளம்

டேய் தம்பி,

போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய். எடுத்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் நீ கத்துவாய், மூன்றாவதில் நான் கத்துவேன், அப்புறம் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுவோம். அதனால்தான் கடிதம். காகிதத்தில் எவ்வளவு கத்தினாலும் நம் கைதான் வலிக்கும். இந்தக் கப்பல் கம்பெனியில் ஒரு நல்ல வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துறைமுகத்து டிக்கெட் கவுண்டரிலும் பயணிகளுக்கு வரும் கடிதங்களை வாங்கி வைத்துக் கொடுக்கிறார்கள். கப்பல் ஊருக்கு ஊர் சரக்கு இறக்கி ஏற்றி ஆடி அசைந்து போவதால், சாலை வழியே வரும் தபால் வண்டி எங்களை முந்திவிடுமாம். ஆகவே விலாசம் தெரியாது என்று சாக்குச் சொல்லாதே. அடுத்த துறைமுகத்துக்கு எழுது.

உன் படுக்கையில் எங்கள் பைகள் படுத்திருக்கின்றன. ஐந்து பேருக்கு டிக்கெட் எடுத்து நாலு பேர் ஏறினால் வேறென்ன செய்வது? டிக்கெட் பார்க்க வந்தவர் ஐந்தாவது ஆள் எங்கே என்று கேட்டார். "அவன் கோவமா இருக்கான், அதனால வரல" என்றாள் வாலு. என் பெண்ணுக்கு இந்த வயதிலேயே வாய் காது வரை.

உன் அத்தானைப் பயணியாக உட்காரவைத்தது என் தப்பு. இத்தனை வருஷம் பஸ் ஓட்டியவருக்கு இன்னொருவர் ஓட்டும் வண்டியில் உட்காரத் தெரியவில்லை. காலையிலிருந்து மாலுமி அறைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இப்ப ஒடிக்கணும், இப்ப ஒடிக்கணும்" என்று முணுமுணுக்கிறார். கப்பல் அவர் சொன்னபோது ஒடியவில்லை. ஆனாலும் நல்லபடியாகத்தான் போகிறது.

அப்பாதான் சரியில்லை. கடல் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. கப்பல் படி ஏறும்போதே ஒரு படியைத் தப்பவிட்டுத் தடுமாறினார். கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நடக்கிறார். "கொஞ்சம் தலை சுத்துது, சரியாயிடும்" என்கிறார். அவர் முகம் எனக்கென்னவோ போல் இருக்கிறது. கிளம்புகிற அன்று நீ கப்பல் அணையும் ஜெட்டி வரைக்கும்கூட வரவில்லை அல்லவா, அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். என்னதான் கேட்டுவிட்டார் அவர்? கடைசித் துறைமுகத்தில் ஒரு அம்மா இருக்கிறார், ஜெட்டியில் மைக்கில் அறிவிப்புச் செய்கிறவர், போன வருஷம் கண் முகாமுக்குப் போனபோது பழக்கம், நீங்கள் எல்லோரும் வந்து ஒரு தடவை பாருங்கள், பிடித்தால் மேலே பேசலாம், பிடிக்காவிட்டால் இத்தோடு விட்டுவிடுகிறேன் என்றார். இதைவிடப் பணிவாக ஒரு அப்பா பிள்ளைகளிடம் கேட்க முடியுமா? நீயோ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நம் கண்ணாடிக் கடையின் உள்ளறைக்கு லென்ஸ் வெட்டப் போய்விட்டாய்.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் அக்கா


ஏப்ரல் 6
கடை

அக்கா,

திட்டியாவது போடு என்றாய். போடுகிறேன்.

நீங்கள் இதற்குக் குடும்பச் சுற்றுலா என்று பெயர் வைத்ததை நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது. ஊர் பார்க்கப் போனால் அது சுற்றுலா. பெண் பார்க்கப் போனால் அதற்கு வேறு பெயர். மாப்பிள்ளைக்கு அறுபத்து மூன்று வயது, பெண்ணைப் பார்க்கப் பேத்தியும் கூடப் போகிறாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பணிவாகக் கேட்டார் என்று எழுதியிருக்கிறாய். எப்போது கேட்டார்? வாடிக்கையாளர் ஒருவர் கடையில் உள்ள பிரேம் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டு முதலில் போட்டதையே வாங்கிக்கொண்டு போனார். அவர் வெளியே போன கையோடு, பிரேம் விலை சொல்வது போலச் சொன்னார். உனக்கு முன்னாலேயே தெரியும் என்பது உன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆக, ஊருக்கெல்லாம் தெரிந்து கடைசியில் எனக்கு. கூடவே குடியிருக்கிறவனுக்கு.

அம்மா போய் முழுசாக நாலு வருஷம் ஆகவில்லை. அவளுடைய தையல் மெஷின் இன்னும் ஜன்னலோரம்தான் இருக்கிறது. அதன் மேல் போட்ட துணியை நான்தான் துவைத்துத் துவைத்துப் போடுகிறேன். நீ கல்யாணமாகிப் போனவள். உனக்கு அது லீவுக்கு வந்து போகிற வீடு. எனக்கு அது தினமும் சாப்பிடுகிற வீடு.

ஒன்று கேட்கிறேன். அந்தம்மா ஊரிலேயே அப்பா தங்கிவிட்டால்? கடையை நான் ஒருவனே பார்த்துக்கொள்வேன். அதில் ஒன்றும் பயமில்லை. சும்மா கேட்டேன்.

தலைசுற்றலுக்கு எலுமிச்சம்பழத்தை முகரச் சொல். அத்தானை அந்த மாலுமியிடமிருந்து தள்ளி வை, கடலில் தூக்கிப் போட்டுவிடப் போகிறான்.

தம்பி

பின்குறிப்பு: கண்ணாடி எப்படி இருக்கிறது என்று அப்பா ஏதாவது சொன்னாரா? கிளம்புவதற்கு முந்தின நாள், பழைய பிரேமிலேயே புது லென்ஸ் போட்டுத் தா என்று கேட்டார். எவ்வளவு கோபமாக இருந்தாலும் வேலையில் குறை வைக்கவில்லை. அதையும் எழுது.


ஏப்ரல் 8
இரண்டாவது துறைமுகம், பயணிகள் தங்கும் கூடம்

தம்பி,

உன் கடிதத்தைக் கவுண்டரில் வாங்கினேன். எனக்கும் அவள் அம்மாதான் என்று பெரிய எழுத்தில் எழுதத் தொடங்கிவிட்டு அடித்துவிட்டேன். நீ சொன்னதில் பாதி நியாயம். அந்தத் துணியை நீதான் துவைக்கிறாய் என்பதுகூட எனக்குத் தெரியாது. மீதிப் பாதிக்கு நேரில் வந்து உன் காதைத் திருகுகிறேன்.

இப்போது அதைவிடப் பெரிய கவலை வந்திருக்கிறது.

இந்த ஊரில் கப்பல் ஒரு பகல் முழுக்க நிற்கிறது. ஜெட்டியைத் தாண்டினால் ஒரே கயிற்றுக் கடைகள். கையளவு தடிமனில் கயிறு, விரலளவில் கயிறு, நூல் மாதிரி கயிறு. வாலு எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்துக் கடைக்காரர்களிடம் திட்டு வாங்கினாள். அதற்கு அடுத்த தெரு துணிக்கடைத் தெரு. அங்கே கடை வாசலில் சேலை கட்டி நிறுத்தியிருந்த பொம்மையிடம், "கொஞ்சம் வழி விடுங்கம்மா" என்று அப்பா சொன்னார். பொம்மை நகரவில்லை. "உங்களத்தாம்மா" என்று மறுபடியும் சொன்னார். வாலு விழுந்து விழுந்து சிரித்தாள், நானும் சிரித்தேன், அப்பாவும் அசடு வழிந்தார். உன் அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. "கப்பல்ல ஆடுச்சு, சரி. தரையில என்னடி ஆட்டம்?" என்று என் காதோரம் கேட்டார்.

அதற்கப்புறம்தான் நான் கவனிக்க ஆரம்பித்தேன். டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுகிறார். கதவு திறந்திருக்கும்போது நிலையில் இடித்துக்கொள்கிறார். சாயங்காலம் ஜெட்டியின் கடைசிப் படியில் கால் வைப்பதாக நினைத்து வெறும் காற்றில் வைத்தார். முழங்கால் சிராய்த்துவிட்டது, நல்ல வேளையாக எலும்புக்கு ஒன்றும் இல்லை.

நீ கேட்டதையும் கேட்டேன். கண்ணாடி சரியாக இருக்கிறதா என்றதற்கு, "என் பையன் போட்டதுல குறையா? போய் வேலையைப் பாரு" என்று என் மேல் பாய்ந்தார். உனக்கு உச்சி குளிர்ந்திருக்குமே.

எனக்குப் பயமாக இருக்கிறதடா. தலைக்குள் ஏதாவது ஆகியிருந்தால்? அடுத்த துறைமுகத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதாம். அங்கே காட்டப் போகிறேன். டாக்டர் ஏதாவது சொன்னால் அங்கிருந்தே பஸ்ஸில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். கடைசித் துறைமுகமும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். நீ ஜெயித்ததாக வைத்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 9
கடை

அக்கா,

ஜெயித்தேனா? உனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறதா? இப்படி ஒரு ஜெயத்தை யார் கேட்டார்கள்?

ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போ. அவர் வேண்டாம் என்பார், கேட்காதே. அத்தான் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். படி இருக்கும் இடத்தில் நீ முன்னால் இறங்கு.

அதற்கு முன் ஒன்று செய். தலை சுற்றுகிறது என்று யார் கடைக்கு வந்தாலும், கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாலடி நடக்கச் சொல்வோம். அதையும் செய்து பார். என் லென்ஸில் தப்பு இருக்காது. இருந்தாலும் அது இல்லை என்று தெரிந்துவிட்டால் டாக்டருக்கு ஒரு கேள்வி மிச்சம்.

இங்கே ஒன்றும் விசேஷம் இல்லை. அப்பாவின் இருமலால் தூக்கம் கெடுகிறது என்று எத்தனை நாள் சண்டை போட்டிருப்பேன். இப்போது அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை. இதை அவரிடம் சொல்லித் தொலைக்காதே.

அடுத்த தகவலை உடனே எழுது. உடனே என்றால் உடனே. நீ பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்தும் வேகத்தில் வேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 11
மூன்றாவது துறைமுகம், ஆஸ்பத்திரி எதிரே உள்ள டீக்கடை

தம்பி,

முதலில் நல்ல செய்தி. அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே திரும்பிவிட்டோம். நீ இப்போது உட்கார்ந்துகொள். நின்றுகொண்டு படிக்காதே.

நீ எழுதியபடி கண்ணாடியைக் கழற்றச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. இன்று விடிகாலையில் எழுந்து பார்த்தால் அப்பாவைப் படுக்கையில் காணோம். பதறியடித்துக்கொண்டு மேல்தளத்துக்கு ஓடினேன். அங்கே நம் அப்பா, கையை வீசிக்கொண்டு, கயிற்றைத் தாண்டி, வாளியைச் சுற்றி, ஜம்மென்று நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்தார்! கண்ணாடி சட்டைப் பையில். "அப்பா" என்று கூப்பிட்டேன். அவசர அவசரமாகக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். மாட்டிய கையோடு அந்த வாளியிலேயே இடித்துக்கொண்டார்.

பின்னாலேயே வந்த வாலு அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு, "தாத்தா, உங்க சின்னக் கண்ணு இடம் மாறிடுச்சு!" என்று கத்தினாள். உனக்குத் தெரியுமே, இடது பக்கம் கனமான லென்ஸ் என்பதால் அந்தக் கண் சின்னதாகத் தெரியும், வாலு அதைச் சொல்லித்தான் எப்போதும் கேலி செய்வாள். இப்போது வலது கண் சின்னதாக இருக்கிறது. கண்புரை ஆபரேஷன் ஆகி நன்றாகத் தெரிகிற கண்ணுக்கு முன்னால் கனமான லென்ஸ்!

"உண்மையைச் சொல்லுங்கப்பா. கண்ணாடி தப்பா?" என்று கேட்டேன்.

"தப்பெல்லாம் இல்ல. வெட்டினது அவ்வளவு சுத்தம். ஓரத்தைத் தடவிப் பாரு, எப்படி வழவழன்னு இருக்கு. வலதும் இடதும்தான் மாறிப்போச்சு."

"எப்பத் தெரிஞ்சது?"

"படி ஏறும்போதே."

"அப்புறம் ஏன் மாட்டிக்கிட்டு இடிச்சுக்கிட்டே திரியறீங்க?"

"கழட்டினா ஏன்னு நீ கேப்ப. கேட்டா அவனுக்கு எழுதுவ. அவன் கடையில தனியா உட்கார்ந்து அதையே நினைச்சு நினைச்சுக் குமைஞ்சுபோவான். ஏற்கெனவே என்னால அவன் மனசு சரியில்ல. அந்தக் கோவத்துல கை மாறியிருக்கு. கோவத்துக்குக் காரணம் யாரு, நான்தான?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது, இறங்கியதும் அவரை அங்கே இழுத்துக்கொண்டு போனேன். வாசல் வரை வந்தவர் மேலே நகர மறுத்துவிட்டார். "அவன் வெட்டின லென்ஸை இன்னொருத்தன் கையில குடுத்து, இது தப்பு, மாத்திக் குடுன்னு நான் கேக்க மாட்டேன். அந்தக் கடைக்காரன் எடுத்துப் பார்ப்பான், ஒரு சிரிப்புச் சிரிப்பான். எனக்குத் தெரியும், நானே அப்படிச் சிரிச்சிருக்கேன்" என்றார். சரி, கழற்றிப் பையிலாவது வையுங்கள் என்றால் அதற்கும் மாட்டேன் என்கிறார். "அங்க இறங்கினதும் அவங்க முதல்ல கேக்கப்போறது, பையன் போட்ட கண்ணாடி இதானான்னுதான். போன்ல அவ்வளவு பெருமையடிச்சு வெச்சிருக்கேன்" என்கிறார்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் சொல்லவில்லை, எழுதத்தான் செய்கிறேன். பாவம் வந்தால் ஆளுக்குப் பாதி.

நாளை மறுநாள் மத்தியானம் கடைசித் துறைமுகம். அதற்குள் அவர் எங்கேயும் விழாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இதைப் படித்துவிட்டு என்ன செய்வாய் என்பது உன் பாடு.

அக்கா


ஏப்ரல் 12
கடை

அக்கா,

படித்ததும் நட்டநடு மத்தியானத்தில் ஷட்டரை இறக்கிவிட்டேன். எதிர்க்கடைக்காரர் வந்து, "என்னாச்சு, அப்பாவுக்கு ஏதாவது..." என்று இழுத்தார். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, எனக்குத்தான் என்றேன்.

எப்படி நடந்தது என்று இப்போது தெரிகிறது. எதிரே இருப்பவரின் வலது கண் நமக்கு இடது பக்கம். இந்தத் தொழிலுக்கு வரும் யாரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வது இது. அப்பாவின் பவர் எனக்கு மனப்பாடம். அதனால் பவர் எழுதிய சீட்டைப் பார்க்கவில்லை. அவர் என் எதிரே நிற்பதாக நினைத்துக்கொண்டு, மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வெட்டினேன். நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, அந்த மும்முரத்தில் எதிரே நின்றவரின் கண்களை அப்படியே இடம் மாற்றி வெட்டியிருக்கிறேன்.

ஆனால் தப்பு அது இல்லை அக்கா. கை தவறுவது யாருக்கும் நடக்கும். முகத்தில் மாட்டிப் பார்க்காமல் எந்தக் கண்ணாடியும் நம் கடை வாசலைத் தாண்டாது. மூக்கில் உட்கார்கிறதா, காதோரம் அழுத்துகிறதா, கண் எப்படித் தெரிகிறது என்று நேராகப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம். யாரென்றே தெரியாத ஆளுக்குக்கூடச் செய்வேன். அன்று அப்பாவுக்கு மட்டும் செய்யவில்லை. உறையில் போட்டுக் கவுண்டர் மேல் தள்ளிவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று இருந்தேன். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும், வாலு கண்டுபிடித்ததை அங்கேயே கண்டுபிடித்திருப்பேன்.

புது லென்ஸ் வெட்டிவிட்டேன். சீட்டை எதிரே ஒட்டி வைத்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி வாய்விட்டுப் படித்துக்கொண்டு வெட்டினேன். ஆனால் இதைப் பார்சலில் அனுப்ப முடியாது. பிரேம் அவர் முகத்தில் இருக்கிறது. நானே மாட்டி, நானே பார்க்க வேண்டும். சாயங்கால பஸ்ஸில் கிளம்புகிறேன். இந்தக் கடிதத்தையும் தபாலில் போடுகிறேன். தபால் வண்டியும் நானும் ஒரே சாலையில்தான் வரப்போகிறோம், யார் முந்துகிறோமோ தெரியாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தம்மாவைப் பார்க்க நான் வரவில்லை. அரைகுறையாக விட்ட வேலையை முடிக்க வருகிறேன்.

தம்பி


ஏப்ரல் 15
கடைசித் துறைமுகம்

அடேய்,

தபால் வண்டி தோற்றுவிட்டது. நீ வந்து போன மறுநாள்தான் உன் கடிதம் என் கைக்குக் கிடைத்தது. படித்துவிட்டுப் பாதிக் கோபம் போயிற்று. மீதிப் பாதியை இங்கே கொட்டுகிறேன்.

விடிய விடியப் பஸ்ஸில் வந்தாய். அப்பாவை ஜெட்டி பெஞ்சில் உட்காரவைத்தாய். மண்டியிட்டு உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகாணி கழற்றினாய். சரி, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நான் டீ வாங்கப் போனேன். ஐந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினால் ஆளைக் காணோம்! "பஸ்ஸுக்கு நேரமாச்சாம்" என்கிறார் உன் அத்தான். பஸ் ஓட்டுகிறவரிடம் போய் பஸ் நேரத்தைக் காட்டி ஏமாற்றியிருக்கிறாயே, உன் துணிச்சலை என்ன சொல்ல? அடுத்த பஸ் சாயங்காலம்தான் என்று அவருக்குத் தெரியாதா? இவ்வளவு தூரம் வந்தவன் இன்னும் இருபதடி வந்திருக்கக்கூடாதா? அந்த அறிவிப்பு அறை கதவு திறந்துதான் இருந்தது.

நீ பார்க்காததைச் சொல்கிறேன், கேள்.

கப்பல் ஜெட்டியை நெருங்கும்போதே ஒலிபெருக்கியில் அந்த அம்மாவின் குரல் வந்தது. கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிற வழக்கமான அறிவிப்புதான். ஆனால் அதைக் கேட்டதும் அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். நம் அப்பாவேதான்டா! நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீ போன பிறகு அவர் அறையை விட்டு வெளியே வந்தார். அப்பாவைவிட ஒரு பிடி உயரம். பேசும்போது குரல் மைக்கில் கேட்டதைவிடச் சின்னது. எடுத்த எடுப்பில், "சாப்பிட்டாரா உங்க தம்பி?" என்றுதான் கேட்டார். நீ வந்ததைக் கண்ணாடித் தடுப்பு வழியாக அவர் பார்த்திருக்கிறார். எழுந்து கதவு வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டாராம். "அவர் கையில அவ்வளவு சின்னத் திருகாணி இருந்துச்சு. அந்த நேரத்துல போய் நான் வணக்கம் சொன்னா கீழ விழுந்துடும், அப்புறம் பலகை இடுக்குல போயி கடல்தான். வேலை முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சு பார்த்தா ஓட்டமா ஓடிட்டார்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப் போனது அந்த இடத்தில்தான். அதற்கு மேல் எதுவும் அவர் செய்ய வேண்டியிருக்கவில்லை.

டிக்கெட் கூடத்துக்கு மேலே ஒரே ஒரு அறையில் குடியிருக்கிறார். கணவர் போய்ப் பல வருஷம் ஆகிறதாம். ஜன்னலில் இரண்டு செடி, சுவரில் கப்பல் நேரம் எழுதிய பலகை, எல்லாம் துடைத்து வைத்த மாதிரி. வாலு மைக்கில் பேச வேண்டும் என்று அடம்பிடித்தாள். அவர் தலையை ஆட்டி, "அது வேலை. விளையாட்டுன்னா ஜனங்க அப்புறம் என் பேச்சைக் கேக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டார். வாலு அரை மணி நேரம் உம்மென்று இருந்துவிட்டு அப்புறம் அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

நீ முதல் கடிதத்தில் "சும்மா" கேட்டாயே, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அப்பா இங்கே தங்கப் போவதில்லை. அந்த அம்மா நம் ஊர் ஜெட்டிக்கு மாற்றல் கேட்டால் கம்பெனியில் கொடுப்பார்களாம். "அங்கயும் மைக் இருக்கு, அங்கயும் சொன்னா கேக்காத ஜனம் இருக்கு" என்று சிரித்தார். ஆனால் ஒரு கண்டிஷன் வைத்திருக்கிறார், அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "நான் உள்ள வரும்போது உங்க தம்பி வெளிய போற மாதிரி ஒரு வீடு எனக்கு வேண்டாம். அவர் வாயால வாங்கன்னு சொன்னா வரேன். சொல்லலைன்னா எங்க சிநேகம் இப்படியே இருந்துட்டுப் போகட்டும். யாருக்கும் வருத்தம் இல்ல."

யாருக்கும் வருத்தம் இல்லை என்று அவர் சொன்னபோது அப்பா டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. டம்ளருக்குள் பார்க்க அப்படி ஒன்றும் இல்லை, வருத்தம் அவருக்குத்தான் என்று எனக்குத் தெரியும்.

பதினெட்டாம் தேதி கப்பல் திரும்புகிறது. உன் படுக்கை இன்னும் காலிதான். அதில் அந்த அம்மா எங்களோடு வந்து நம் வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவதா, இல்லை பைகளே படுத்துக்கொண்டு வருவதா என்பது உன் பதிலில் இருக்கிறது. நான் உன்னை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் நீ எந்தப் பக்கம் போவாய் என்று பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 16
வீடு

அக்கா,

நான் ஏன் ஓடினேன் என்று கேட்டிருக்கிறாய். நீ டீ வாங்கப் போயிருந்தபோது நடந்தது உனக்குத் தெரியாது. அப்பா சொல்லியிருக்க மாட்டார்.

லென்ஸைப் பொருத்தி, காதோரம் சரிசெய்து, அவர் முகத்துக்கு நேராக என் முகத்தை வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. "இப்பத் தெரியுதாப்பா?" என்று கேட்டேன். அவர் தெரிகிறது என்றும் சொல்லவில்லை, தெரியவில்லை என்றும் சொல்லவில்லை. கடலையும் பார்க்கவில்லை, அந்த அறிவிப்பு அறைப் பக்கமும் திரும்பவில்லை. என்னையே பார்த்துவிட்டு, "எளச்சுப் போயிட்டியேடா. ஒழுங்கா சாப்பிடறியா இல்லையா?" என்றார். கண் தெரிந்ததும் அவர் முதலில் பார்த்தது அது. நான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று கண்ணாடியைத் தள்ளிவிட்டவன். அங்கே இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் குழந்தை மாதிரி அழுதிருப்பேன். அதனால்தான் பஸ் நேரம். அத்தானிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அம்மாவை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. முந்தாநாள் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். சமைத்தேன், சாப்பிட்டேன், பாத்திரம் கழுவினேன். இத்தனைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இல்லாத நாளில் அப்பாவும் இப்படித்தான் இருந்திருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது. நான் கடைக்குச் சரக்கு எடுக்க வெளியூர் போய்விட்டு ராத்திரி தங்கி வருவேன், போன் செய்தால் நன்றாக இருக்கிறேன் என்பார். நானும் நம்புவேன். அம்மா இருந்திருந்தால் என்னைத்தான் திட்டியிருப்பாள், அவரை அல்ல.

அவங்களுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். வாங்க என்று எழுதுவதில் சிரமம் இல்லை. வாங்க. வீட்டுக்கு வாங்க. நான் எங்கேயும் வெளியே போக மாட்டேன், ஜெட்டியில் வந்து நின்று உங்கள் பையை நானே தூக்கிக்கொண்டு வருவேன். இதை அப்படியே அவங்களிடம் படித்துக் காட்டிவிடு. மாடி அறையைக் கழுவிவிட்டேன், அதையும் சொல்.

மேலே என்ன போட்டு ஆரம்பிப்பது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். மேடம் என்று போட்டால் பாங்க்குக்கு எழுதுவது போல் இருக்கிறது. அம்மா என்று என்னால் போட முடியாது, அவங்களும் அதை எதிர்பார்க்க மாட்டாங்க. ஒன்றுமே போடாமல் எழுதினால் மரியாதை இல்லை. அப்படியே பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சித்தி என்று கூப்பிட்டால் அவங்களுக்குச் சம்மதமா என்று கேள். சம்மதம் என்றால், கப்பல் ஏறும் முன்பு எனக்காக நீ ஒரு தடவை கூப்பிட்டுவிடு. யாராவது ஒருவர் முதலில் கூப்பிட்டுவிட்டால் அடுத்தவருக்குச் சுலபம். இரண்டாவது தடவை நான் ஜெட்டியில் நின்று கூப்பிடுகிறேன்.

தம்பி